முனி குடிச்ச சுருட்டு

முனி நேர்ல வந்து படையல் சுருட்ட குடிக்குதாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல, மலாயாவுல லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டம் பூரா இதே பேச்சு. பாதி கருகின சுருட்ட பாத்தவங்க நாலு பேரு. பாத்தேன்னு சொன்னவங்க நாப்பது பேரு. நடந்தது வேற, கேளுங்க.

பால் வெட்டுற செல்லப்பன் ஒரு நாளைக்கு ரெண்டே சுருட்டுதான் குடிப்பான். கறுப்புச் சுருட்டு, பக்கத்துல நின்னா நமக்குத் தல சுத்தும். அவன் பொண்டாட்டி வெள்ளையம்மா, இருமலும் நாத்தமும் தாங்காம, குளுவாங் கடைத்தெருவுல சுருட்டுக்குப் பதிலா வெள்ள சிகரெட்டு டப்பா வாங்கியாந்தா. காரம் கம்மி, நெஞ்சுக்கு இதம்னு கடைக்காரன் சொன்னானாம். விக்கிறவன் வேற என்ன சொல்வான்?

செல்லப்பன் ஒண்ணு பத்த வச்சான். வெந்நி குடிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு. அதுவும் வெந்நிதான். உள்ளுக்குள்ள பூன பிராண்டுற மாதிரி ஒரு அரிப்பு. பத்து மரம் வெட்டுவான், கத்தியக் கீழ வைப்பான், கன்னம் ஒட்ட உறிஞ்சுவான். முன்னூறு மரத்துக்கு முப்பது சிகரெட்டு. வெயில் ஏறினா மரம் பால் குடுக்குமா? வாளி பாதிதான் நெறஞ்சுச்சு.

ரப்பர் வெல விழுந்த நேரம் அது. பால் கொறஞ்சவன் பேர வெட்டி ஊருக்குக் கப்பல் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. கங்காணி வீரமுத்துவும் சொல்லிட்டாரு, இந்த வாரம் இப்படியே போனா மூட்டையக் கட்டிக்கன்னு.

மறுநாள் கத்தி கையில நிக்கல. முனிக்குப் படையல் வைக்கிற மரத்தடியில சுருட்டு கெடந்துச்சு. "அப்பனே, கோவிச்சுக்காத"ன்னு எடுத்துப் பாதி இழுத்தான். ஒடம்பு அடங்கிருச்சு. சாமி பங்குன்னு மீதிய அங்கயே வச்சுட்டு, எங்கயும் நிக்காம வெட்டுனான். வாளி தளும்புச்சு. முனி குடிக்குதுன்னு சனம் தெனம் புதுச் சுருட்டு வைக்க, நாலு நாள் இப்படியே ஓடுச்சு.

முனி செல்லப்பன் மேல எறங்கித்தான் பால் கூடுதுன்னு, தோட்டத்து சனம் குடியிருக்குற லயமே முடிவு கட்டிருச்சு. அஞ்சாம் நாள் அவன் வாசல்ல கூட்டம். கங்காணியும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. உண்மையச் சொன்னா சாமி சுருட்டத் திருடினவன்னு ஆயிரும், அப்புறம் தோட்டத்துல வச்சிருப்பாங்களா? செல்லப்பன் எந்திரிச்சான், உக்காந்தான், மறுபடி எந்திரிச்சான்.

அவன மாதிரியே பால் வெட்டுற புஷ்பவள்ளி இடுப்புப் புள்ளையோட முன்னால வந்து அழுதா. "சாமி, அடுத்த கப்பல்ல எங்க பேரு இருக்கா?"

செல்லப்பன் அவ மூஞ்சியப் பாத்தான்.

"முனியும் வரல, மண்ணும் வரல புள்ள. சுருட்டக் குடிச்சது நான்தான். அந்த சிகரெட்டுல காரமில்ல, முப்பது குடிச்சும் அடங்கல. போயி வெயிலுக்கு முன்னால மரத்த வெட்டு."