வலது தோளுக்கு ஒரு வார்

என் கணவர் சேசுராஜின் அக்கா தெரசம்மாளை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவர் எங்களோடு இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் நாங்கள்தான் அவரோடு இருந்தோம். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்த்து, திசையன்விளைக்கு வந்து என்னைப் பெண் பார்த்துக் கூட்டிப்போனவர் அவர். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்க எங்களுக்கு வாய் வந்ததில்லை.

கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். உடன் வேலை பார்த்த கோவாக்காரப் பெண் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் அவருக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமாகிப் போகும்போது தன் கித்தாரையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் போனாள். லத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு மாறிய சமயம் அது. புதிதாக வந்த சாமியார், கித்தாரைக் கோயிலில் வாசிக்கலாம் என்றார். ஹோட்டலில் வாசிக்கிற சாமானைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைப்பதா என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டொரு ஞாயிறு போனதும் அவர்களே, இன்றைக்கு டீச்சர் வரவில்லையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். மைனி டீச்சர் இல்லை. ஆனாலும் கித்தாரோடு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்து வாசிக்கமாட்டார். நாம் உட்கார்ந்தால் பாட்டும் உட்கார்ந்துவிடும் என்பார்.

அறுபத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில், குளிக்கும்போது அவருடைய இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பரேல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் நிறைய வெட்டியிருந்தார்கள். தழும்பு தோள்பட்டை வரை ஏறி, தோல் இறுகிப்போனது. கட்டு மாற்றியதெல்லாம் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்பவர்களிடம் வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னார். ஆபீசில், அக்கம்பக்கத்தில், சாமியாரிடம்கூட அப்படித்தான் சொன்னோம். பாடியின் ஒரு பக்கத்தில் துணியை மடித்துவைத்துத் தைத்துக்கொடுத்தேன். சேலை முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அப்போது வந்ததுதான்.

கையை உயர்த்திப் பழக, விரல்களைச் சுவரில் எறும்பு ஏறுவதுபோல மேலே மேலே ஏற்றச் சொல்லியிருந்தார் நர்ஸ். தினமும் ஏற்றினார். சில மாதம் கழித்து, கட்டிலில் உட்கார்ந்து கித்தாரை மடியில் வைத்துக்கொண்டார். இடது கை விரல்கள் கம்பியில் சரியாக விழ வெகுகாலம் பிடித்தது. விழுந்த அன்று வீட்டில் நான் பாயசம் வைத்தேன்.

மறு வருஷம் வேளாங்கண்ணி மாதா திருவிழா நெருங்கியபோது, பாட்டுக்குழுப் பெண்கள் வந்து கேட்டார்கள். மாதாவின் சப்பரம் சந்து சந்தாகப் போகும். பாடுகிறவர்கள் முன்னால் நடப்பார்கள். மைனி சரி என்று சொல்லிவிட்டார். அவர்கள் போன பிறகு பழைய நாடா வாரை மாட்டி எழுந்து நின்று பார்த்தார். இடது தோளில் கித்தாரின் கனம் இறங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. தோபி தலாவ் வாத்தியக் கடைகளில் கிடைத்ததும் ஒல்லி வார்தான். அகலமான மெத்தென்ற தோலில் செய்தால் தாங்கும் என்று நினைத்து, தாராவியில் ஷேக் பரீத் பாயிடம் போனோம்.

பாய் மேலப்பாளையத்துக்காரர். பஸ் கண்டக்டர்களின் பணப்பையும் தபால்காரர் பையும் செய்கிறவர். கீழே பட்டறை, மேலே ஏணி ஏறினால் குடும்பம். கித்தாருக்கு அவர் வார் செய்ததே இல்லை. அதனால் உற்சாகமாகிவிட்டார். கைலியும் பனியனுமாகக் கித்தாரைத் தன் கழுத்திலேயே மாட்டி நின்று நீளம் பார்த்தார். சந்தில் போனவர்கள் சிரித்தார்கள். மைனியும் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வெளி ஆட்கள் முன்னால் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் வார் தயாராக இருந்தது. கருஞ்சிவப்புத் தோல், நாலு விரல் அகலம், ஓரமெல்லாம் தேய்த்து மழுங்க வைத்து, நடுவில் சின்னச் சின்னப் பூ அச்சு. மைனி அங்கேயே மாட்டினார். வாரைத் தோளில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பிறகு, ரொம்ப அழகாக இருக்கிறது, உள்ளே மட்டும் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்க முடியுமா என்று கேட்டார்.

பாய் வாரையும் பார்த்தார், அவர் நெற்றியில் பூத்திருந்த வேர்வையையும் பார்த்தார்.

"பஞ்சு வைக்கலாம் தங்கச்சி. ஆனா எங்க நோவுதுன்னு சொன்னாத்தான நான் வெட்ட முடியும்? கண்டக்டர் பயலுவளே எனக்கு இந்த எலும்பு, அந்த எலும்புன்னு தொட்டுக் காட்டுவானுவ."

மைனி முந்தானையை இழுத்துப் போர்த்தினார். என்னைப் பார்த்தார். வயிற்றில் ஆபரேஷன் என்கிற பேச்சு அங்கே எதற்கும் உதவாது. நானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், வீட்டில் அக்கா இருக்கிறார்களா என்று பாயிடம் கேட்டார்.

மேலே பாயின் மனைவி ஜைனம்பு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். மைனி உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார். வீட்டில் என்னைத் தவிர யாரும் பார்க்காத தழும்பு அது.

ஜைனம்பு முகம் சுளிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் தோள்ல ஒண்ணும் படக்கூடாது அக்கா. பஞ்சு வச்சாலும் படக்கூடாது," என்றார். பிறகு, "அவியள்ட்ட நான் சொல்லட்டுமா? வேண்டாம்னா நானே அளவெடுத்துக் குடுத்துருதேன்," என்றார்.

மைனி கொக்கியை மாட்டிக்கொண்டே, "சொல்லுங்க. தெரிஞ்சாத்தான அவுங்க வெட்டுவாங்க," என்றார்.

ஜைனம்பு ஏணித் தலையிலிருந்து குனிந்து சொன்னார். நெஞ்சில் ஆபரேஷன், இடது பக்கம் ஆகாது, அவ்வளவுதான். நாங்கள் இறங்கி வந்தபோது பாய், தான் அத்தனை ஆசையாகச் செய்த வாரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், வலது தோளில் மட்டும் தொங்குகிற மாதிரி செய்யலாம், கித்தார் ஆடாமல் இருக்க இடுப்புக்கு ஒரு மெல்லிய பெல்ட் சேர்க்கலாம் என்றார். ஜைனம்பு எங்கள் முன்னாலேயே மைனியின் வலது தோளிலிருந்து இடுப்பு வரை நூல் பிடித்து அளந்தார். உள்பக்கத்துக்குச் செம்மறி ஆட்டுத்தோல் வைத்துத் தைத்ததும் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மைனி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஆபீஸ் கதை, கோவாக்காரப் பெண் கதை, என் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதை. நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

திருவிழாவன்று மழை விட்டிருந்தது. சப்பரத்துக்கு முன்னால் மைனி கித்தாரோடு நடந்தார். வலது தோளில் வார், இடுப்பில் பெல்ட். தாராவிச் சந்து முனையில் ஷேக் பரீத் பாய் குத்தூசியும் கையுமாக நின்றிருந்தார். பாட்டை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கண் முழுக்க வாரின் மேலேயே இருந்தது. கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, பாட்டு முடிந்த இடைவெளியில் மைனியிடம், பின்பக்கம் பக்கிளை ஒரு துளை இறுக்கிக்கொள்ளச் சொன்னார். நான் இறுக்கிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

பூசை முடிந்து எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி, வார் ஏன் இந்தப் பக்கம் என்று விளையாட்டாகக் கேட்டாள். என் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

"இடது மார்பை எடுத்துட்டாங்கம்மா. கட்டி இருந்துச்சு," என்றார் மைனி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையலை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஆபீசிலும் சொன்னார். அதற்குப் பிறகு பெண்கள் அவரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வாசலில் தயங்கி நிற்பார்கள். அவர் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு பேரை அவரே பரேலுக்குக் கூட்டிப்போனார். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. இன்னொருத்திக்கு இருந்தது, சீக்கிரமே பார்த்ததால் பிழைத்துக்கொண்டாள்.

மைனிக்கும் கடவுள் நிறைய வருஷம் கொடுத்தார். என் பிள்ளைகள் அவர் வாசிக்கக் கேட்டு வளர்ந்தார்கள். நோன்புப் பெருநாளன்று ஜைனம்பு வீட்டிலிருந்து பிரியாணி வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். அந்தத் தட்டை மைனி யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டார். அவரேதான் கொண்டுபோய், ஏணி ஏறிக் கொடுத்துவிட்டு, வெகுநேரம் இருந்து பேசிவிட்டு வருவார்.