வெயிலுக்காக வெட்டிய மரம்

தீவில் பெரார்கஞ்சு ஊருக்கு அப்பால், ஓடைக்கரையில் இருந்த காட்டிலாகா முகாமில் நான் கிளார்க்காக இருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் விழுந்ததே இல்லை. கர்ஜன் மரங்கள் மேலே கிளைகோத்து நின்றன. மழை விட்ட பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். ஜாடியில் உப்பு நீராகிவிடும். செருப்பில் பூசணம் பூக்கும். கைக்குழந்தையின் துணிகளை அடுப்புக்கு மேலே கட்டினோம். புகை நாற்றம் ஏறியதே தவிர ஈரம் போகவில்லை. குழந்தைக்கு நெஞ்சுச் சளியும் விடவில்லை.

"வாசல்ல கொஞ்சமாச்சும் வெயில் விழணும். இல்லேன்னா அடுத்த கப்பல்ல பிள்ளையத் தூக்கிட்டு எங்கம்மாகிட்டப் போயிருவேன்" என்றாள் மனைவி. அவள் வெறுமனே மிரட்டுகிறவள் அல்ல.

மரம் வெட்டும் ஆட்களின் மேஸ்திரி மதுரைக்காரர். "வெயில் வேணும்னா மெட்ராஸுக்கு டிக்கெட் எடுக்கணும், தங்கச்சி. ஜங்கிள்ல கேட்டா எப்படி?" என்று சிரித்தார். ஆனாலும் ரேஞ்சர் சாப் அனுமதியோடு வாசலுக்கு நேரே நின்ற மரத்தை வெட்டினார். கொடிகளால் பிணைந்திருந்ததால் அது பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.

"ஒரு சன்னல் கேட்டா, அண்ணன் கூரையையே பிச்சுட்டாரு" என்றாள் மனைவி.

அந்தக் கோடையில் துணிகள் மொறமொறவென்று காய்ந்தன. குழந்தை வெயிலில் தவழ்ந்தது. சளி இறங்கியது.

பிறகு மழை தொடங்கியது. பெருமரங்களின் நிழலில் தரையில் மக்கிய இலைதான் கிடக்கும். எந்தப் பக்கமும் நடக்கலாம். வெயில் கண்ட மண்ணிலோ, உள்ளே கிடந்த விதையெல்லாம் ஒன்றாக முளைத்தது. முள்பிரம்பும் காட்டுக்கொடியும் படகுத்துறைப் பாதையை மூடின. ஜன்னல் கம்பிகளில் கொடி சுற்றியது. அட்டைகள் படியேறி வந்தன. ஒரு காலையில் தூளிக்கு அடியில் சாண் நீளப் பூரான் ஊர்ந்தது. மனைவி அதை விறகுக்கட்டையால் அடித்துப் போட்டுவிட்டு, பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

"முன்னாடி இருட்டா இருந்தாலும் நடக்கவாச்சும் முடிஞ்சுது. இப்பக் கதவத் திறந்தா சுவருதாங்க."

எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மெயின்லேண்டுக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு அவர்களை அனுப்பினேன். மேஸ்திரியின் ஆட்கள் முன்னால் வெட்டிக்கொண்டு போக, பின்னால் குழந்தையோடு நடந்தோம்.

படகில் ஏறியபின் அவள் சொன்னாள்: "பாதையை விட்டுறாதீங்க. திரும்பி வர வழி வேணும்ல."

ஞாயிறுதோறும் வெட்டினேன். துறையில் தொடங்கி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பல வாரம் ஆகிவிடும். அதற்குள் துறைப்பக்கம் மறுபடி மூடியிருக்கும்.