காப்புக் கட்டியவன் சுருட்டு பிடிக்கமாட்டான்

என் அண்ணனைக் கொன்றவனை எனக்குத் தெரியும். நாலடி தூரத்தில் பார்த்திருக்கிறேன். வெற்றிலை போட்ட வாய், பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, தோளில் துப்பாக்கி. இன்றைக்கும் அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நன்றாக இருக்கக்கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன்.

பர்மாவில் கியாக்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது எனக்குப் பதினைந்து வயது. நாலாவதோடு படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு வீடு வீடாகப் பால் ஊற்றினேன். மாடு மேய்ப்பது அண்ணன் வேலை. ஊருக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி சர்க்கார் நிலம், மாடு வைத்திருந்த எல்லோரும் அங்கேதான் ஓட்டிப்போவார்கள். பங்குனியில் அந்தப் புல் அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். அந்த மாதம் அந்தப் பக்கம் யாரும் நெருப்புக்குச்சிகூடக் கிழிக்கமாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கூனிலிருந்து ஒரு ஜீப் வரும். பெரிய இடத்துப் பிள்ளை ஒருவன், அவன் கூட்டாளிகள் மூன்று பேர். மண்மேட்டில் பீர் பாட்டிலையும் பால் டின்னையும் வரிசையாக வைத்துச் சுடுவார்கள். வேட்டை இல்லை, வெறும் விளையாட்டு. சில குண்டுகள் பாயும்போதே சிவப்பாக நெருப்புக் கோடு போடும். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அண்ணன் அவனிடம் போய்ப் பர்மியத்தில், ஐயாவுக்குச் 'சயா' போட்டு, பணிவாகச் சொன்னான். "சயா, புல்லு காஞ்சு கெடக்கு. மழை விழுந்தப்புறம் வந்து சுடுங்க சயா."

"பயமா இருந்தா ஒன் மாட்டையெல்லாம் நனைச்சுக் கூட்டிட்டு வா" என்றான் அவன். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வருடம் அம்மாவின் கால்வலிக்காக அண்ணன் தீமிதி வேண்டிக்கொண்டிருந்தான். பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் தீ மிதிக்கும்வரை கறி இல்லை, கள் இல்லை, சுருட்டும் இல்லை. அண்ணன் சுருட்டுப் பைத்தியம்.

"என்னண்ணே, வாயில பொகை இல்லாம ஆளே வேற மாதிரி இருக்க?"

"போடி. தீ மிதிச்சு எறங்குன ஒடனே ஒரு கட்டு வாங்கி ஒன் மூஞ்சியிலயே ஊதுறேன் பாரு."

காப்புக் கட்டின ஐந்தாம் நாள் ஞாயிறு. ஜீப் வந்தது. அந்தச் சிவப்புக் குண்டு ஒன்று புல்லில் விழுந்தது. காற்று வேறு. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாதி வெளி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு கன்றுக்குட்டிகள் முளையில் கட்டிக் கிடந்தன. அண்ணன் போகப் பார்த்தான். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "காப்புக் கட்டுனவன நெருப்பு தொடாதுப்பா, விடு." பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். நானும் அதை நம்பினேன். தடுக்கவில்லை.

ஒரு கன்று வெளியே வந்தது. அண்ணன் வரவில்லை. ஜீப் எப்போதோ போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஊர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மாடு மேய்த்தவன் சுருட்டிலிருந்து தீப் பிடித்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். காப்புக் கட்டிய பூசாரியும் அங்கேதான் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அம்மா பயந்துபோய் வைத்துவிட்டாள். தன் சுருட்டாலேயே எரிந்து செத்த முட்டாள் என்று அண்ணன் பெயர் அந்தக் காகிதத்தில் நிற்கிறது. சாவைவிட அதுதான் என்னைத் தின்றது.

அடுத்த வருடத் தீமிதிக்கு ஒரு லாரி விறகு வந்து இறங்கியது. கொடுத்தது அந்த ஜீப்காரன். கோயில்காரர்கள் வாங்கிக்கொண்டு அவனுக்கு முன்வரிசையில் நாற்காலியும் போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் காகிதம் எழுதிய ஆபீசர். வேடிக்கை பார்க்கப் பர்மியர்களும் நிறைய வந்திருந்தார்கள்.

"வருசத் தெவசம் இன்னும் குடுக்கல. தீட்டு. கோயில் பக்கம் போவாதடி" என்றாள் அம்மா. தீட்டுக்காரி தொட்டால் தீக்குழியே கெட்டுவிடும். அதற்காகவேதான் போனேன். இன்னும் நெருப்பு வைக்காத அந்த விறகின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

பூசாரி ஓடிவந்தார். "எறங்கும்மா! ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எங்கண்ணன் கையில காப்புக் கட்டுனது யாரு மாமா?"

"நான்தான். அதுக்கு இப்ப என்ன?"

"காப்புக் கட்டுனவன் சுருட்டு பிடிப்பானா?"

அவர் முன்வரிசையைப் பார்த்தார். "எறங்கு தாயி. அப்புறம் பேசிக்கலாம்."

"ஒரு வருசமா அப்புறம்தான். இப்ப சொல்லுங்க. பர்மியத்துல சொல்லுங்க, அந்த ரெண்டு பேருக்கும் வெளங்கட்டும்."

பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "சொல்லித் தொலையேன்யா! அவ அண்ணன் மாதிரிதான் இவளும். ராத்திரி வரைக்கும் எறங்கமாட்டா."

பூசாரி பர்மியத்தில் சொன்னார். முதலில் முனகினார். கேட்கவில்லை என்று நாலு பேர் கத்தியதும் சத்தமாகச் சொன்னார். காப்புக் கட்டியவன் சுருட்டைத் தொடமாட்டான், இந்தப் பெண்ணின் அண்ணன் தொடவில்லை, எனக்குத் தெரியும் என்று.

வேர்க்கடலை விற்ற பர்மியக் கிழவி ஒருத்தி நாற்காலிக்காரனைப் பார்த்து, "அப்ப தீ எப்பிடிப் புடிச்சுது, சயா?" என்று கேட்டாள். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனான். ஆபீசர் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு அவரும் போனார்.

தீட்டுப்பட்ட விறகு முழுவதையும் வெளியே தூக்கிப் போட்டார்கள். வீட்டுக்கு நாலு கட்டை என்று ஊரே கொண்டுவந்து புதிதாக அடுக்கியது. பூசாரி என்னைத் திட்டிக்கொண்டே மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

ஆபீஸ் காகிதத்தை யாரும் மாற்றவில்லை. கேட்டதற்கு, கைநாட்டு வைத்தது வைத்ததுதான் என்றார்கள். ஆனால் எங்கள் ஊரில் இப்போது யாரும் அண்ணனைச் சுருட்டோடு சேர்த்துப் பேசுவதில்லை.

ஜீப் அதற்குப் பிறகு வரவில்லை. ஊரே அப்பாடா என்றது. எனக்கு ஆறவில்லை. ரங்கூனில் பசுந்தாங்குக்குத் தையல் வேலைக்குப் போகும்வரை, இரண்டு வருடம் நான்தான் மாடு மேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு.