பிடுங்காமல் விட்ட ஆணி

மரம் வெட்ட வந்தவனின் வாயில் குத்தினேன். திட்டம் போட்டுச் செய்ததில்லை. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் மிஷின் ரம்பத்தை வைத்துக்கொண்டு அவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். "நிறுத்துப்பா" என்றேன். "அந்தாண்ட போம்மா, வேலய கெடுத்துக்கினு" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவ்வளவுதான், கை போய்விட்டது. உதடு கிழிந்து அவன் சட்டையெல்லாம் ரத்தம். அவனும் சும்மா விடவில்லை, விட்டான் ஓர் அறை. காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. நான் அவன் முழங்காலில் உதைத்தேன். அவன் என் முடியைப் பிடித்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சர். பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தே உடம்பு முறுக்கேறிப் போனது. கோபம் மட்டும் பிறவியிலேயே வந்தது, அதற்கு யாரும் கோச்சிங் கொடுக்கவில்லை. ஸ்டேஷனில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மரத்தை வெட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டபோது, அவனைக் கூலிக்கு அழைத்து வந்த கட்டடக்காரரிடம் ஒரு காகிதமும் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் ரம்பக்காரன் உதட்டைத் துடைத்துக்கொண்டே, "பொம்பளயா டீச்சர் நீங்க" என்றான். "ஆமாம், அதனாலதான் ஒரு குத்தோட விட்டேன்" என்றேன்.

மரங்களுக்காக நான் சண்டை போடுவது அது முதல் தடவை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோர மரங்களில் அடித்திருக்கும் ஆணிகளைப் பிடுங்குவோம். நாங்கள் என்றால் நானும், எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனும், அவ்வப்போது வந்துபோகும் சிலரும். அண்ணன் ஆட்டோவின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வரை வருவார். அங்கே புளியமரங்களில் விளம்பரத் தகடு இல்லாத மரமே கிடையாது. மூலம் பௌத்திரம், டியூஷன், வீட்டு மனை, மறுபடி மூலம் பௌத்திரம். ஊரில் பாதிப் பேர் உட்கார முடியாமல் இருக்கிறார்கள் என்று அண்ணன் சிரிப்பார்.

ஆணி பிடுங்குவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆணி பிடுங்கும் கம்பியை நேராக மரத்தில் ஊன்றி நெம்பினால் பட்டை நசுங்கிவிடும். அதனால் சாக்குத் துணி சுற்றிய ஒரு சின்ன மரக்கட்டையை அடியில் வைத்துத்தான் நெம்புவார். பிள்ளையின் காலில் முள் எடுப்பது போல, "தோ ஆயிடுச்சி, ஆயிடுச்சி" என்று மரத்தோடு பேசிக்கொண்டே இழுப்பார். ஓட்டையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அடைப்பார். ஆணி அடித்தவனை மட்டும் காது கூசும்படி திட்டுவார்.

எங்கள் தெருமுனை வேம்புக்கு வருகிறேன். அதன் நிழலில் பூக்கார அக்கா ஒருத்தி கூடை வைத்திருந்தாள். வீட்டில் அவளும் இருபது வயது மகளும்தான். மதியம் வரை மல்லி வாடாமல் இருப்பது அந்த மரத்தால்தான் என்று அவளே சொல்வாள். மரத்துக்குப் பின்னால் கட்டடக்காரர் துணிக்கடைக்காக மூன்று மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். கடையின் முகப்பை மரம் மறைத்தது. அதுதான் அவருடைய பேஜாரு.

ரம்பம் பலிக்கவில்லை என்றதும் ஆசிட் வந்தது. ஒருநாள் காலை அக்கா அலறும் சத்தம் கேட்டு ஓடினேன். மரத்தின் அடியில் டிரில் போட்ட ஓட்டைகள். பட்டை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. தெரியாமல் வெறுங்காலோடு அதில் மிதித்துவிட்ட அக்காவுக்குக் குதிகால் தோல் உரிந்து தொங்கியது. அவளை அண்ணன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மண்ணை வெட்டிப் போட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டோம். மரம் பிழைத்தது, ஒரு பக்கம் மட்டும் மொட்டையானது. அக்கா அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடக்கிறாள். யார் செய்தது என்று நிரூபிக்க ஒன்றுமில்லை. எனக்கா, கட்டடத்தையே கொளுத்தலாம் போல இருந்தது. டீக்கடையில் அதைச் சொன்னேன்.

"கொளுத்துனா உள்ள தள்ளுவாங்க டீச்சர்" என்றார் அண்ணன். "மஞ்சத் துணி கட்டுனா கும்புடுவாங்க. சாமி மேல கை வெக்க எவனுக்குத் தில்லு கீது?"

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. ஆடி வெள்ளிக்கிழமை மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் புடவை சுற்றினோம். அக்கா கட்டுப்போட்ட காலோடு வந்து மாலை போட்டாள். அண்ணன் கற்பூரம் ஏற்றினார். ஏற்றும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மறுவாரம் கட்டடக்காரரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். ரம்பக்காரன் வழியில் என்னைப் பார்த்து, "இனிமே லட்ச ரூவா குடுத்தாலும் அம்மா மேல மிஷின் வெக்க மாட்டேன்" என்றான். நானும் அண்ணனும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அப்புறம்தான் தொடங்கியது. மரு உதிரவும் பரு மறையவும் ஜனங்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து அம்மன் காலடியில் கொட்டுவார்கள். கோயிலில் அது பலிபீடத்தில் விழும். இங்கே அம்மனின் கால் என்பது வேர். கூடை கூடையாக உப்பு வேரில் விழுந்தது. ஆசிட்டுக்கு அலறிய நாங்கள் உப்புக்கு என்ன செய்வது? வாரிக் கொட்டினால், "நேத்திக்கடன அள்ளாதம்மா" என்று அடிக்க வந்தார்கள். சூலம் நட்டார்கள். தண்டை ஒட்டியே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். வேர் மூச்சுவிட இடமில்லாமல் சுற்றிலும் சிமெண்டு மேடை கட்டி, தகரக் கூரையும் போட்டார்கள். சிமெண்டைக் கொடுத்தது யார் தெரியுமா? கட்டடக்காரர்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. மேடை மரத்தைக் கொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.

கற்பூரம் ஏற்றிய கை என்பதால் அண்ணனிடம்தான் எல்லோரும் விபூதி கேட்டார்கள். முதலில் விளையாட்டாகத்தான் கொடுத்தார். யாருடைய காய்ச்சலோ விட்டது. இன்னொருத்தியின் மகனுக்கு வேலை கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை உடுக்கைச் சத்தத்தில் அவருக்கே சாமி வந்து உடம்பு தூக்கிப் போட்டதாம். அதற்குப் பிறகு அவர் எனக்குக் கண்ணடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "அபிஷேகம் கீது டீச்சர், நீங்க போய்க்கினு இருங்க" என்பார். ஏணியையும் கம்பியையும் நான் பஸ்ஸிலா தூக்கிப் போவது? கம்பியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு தனியாகத் திண்டிவனம் போனேன். கைக்கு எட்டியதை மட்டும் பிடுங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். திடீரென்று விழுவாள், பல்லைக் கடிப்பாள், பெற்றவளையே அடிப்பாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். விடாமல் கொடு அக்கா என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு மதியம் நான் திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது மரத்தைச் சுற்றிக் கூட்டம். விலக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணை மேடையில் உட்கார வைத்து அக்கா கையிரண்டையும் முறுக்கிப் பிடித்திருந்தாள். அண்ணன் சிவப்பு வேட்டியில் நின்று வேப்பங்கொத்தால் அவள் முகத்திலும் கழுத்திலும் மாறி மாறி அடித்தார். "போறியா இல்லயா? சொல்லு, போறியா?" அவள் கத்தக் கத்த அடி விழுந்தது. கன்னம் வரிவரியாகத் தடித்து ரத்தம் கசிந்தது. கடைசியில், "போறேன், போறேன்" என்றாள். அடி தாங்காமல் நான்கூட அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவர் அவள் உச்சி முடியில் ஒரு கொத்தை எடுத்து ஒரு நீளமான ஆணியில் சுற்றினார். அவள் தலையை மரத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஆணியை மரத்தில் வைத்து அடித்தார். ஆணி இறுகியதும் முடியைக் கத்தரித்தார்கள். அந்தப் பெண் அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள். அடித்த சுத்தியல், இறுகிப்போன ஆணியைத் தட்டி அசைப்பதற்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது.

"அண்ணே, இன்னா பண்றீங்க நீங்க?" என்றேன்.

"நானா பண்றேன்? அம்மா சொல்றா, கை செய்யுது" என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன்.

அக்காவின் மகள் மறுநாள் சோறு சாப்பிட்டாளாம். ஆணியாலா மாத்திரையாலா என்று நான் அறியேன். ஆனால் செய்தி கெடார் வரைக்கும் அனந்தபுரம் வரைக்கும் போனது. பேய் பிடித்தவர்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள். மரத்தில் ஆணி பெருகியது. பங்குனியில் தளிர்க்க வேண்டிய மரம் கருகிய இலையை உதிர்த்தது.

ஒரு காலையில் கம்பியோடு மேடை ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. கட்டையை வைத்து நெம்பினேன். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. அடுத்ததில் முடி சுற்றியிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இழுத்தேன். ஆணி கையில் வரவும், பக்கத்திலிருந்து புருவத்தில் இடி மாதிரி ஒன்று விழுந்தது. அக்கா பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பித்தளைச் சொம்பு. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"எம் பொண்ணு இப்பதாண்டி சோறு துன்னுது" என்று அழுதுகொண்டே மறுபடி அடித்தாள். "அது வாயில மண்ணப் போட வந்தியாடி?"

அவள் அழுதுகொண்டே அடித்தாள், மற்றவர்கள் அழாமல் அடித்தார்கள். யார் மிதித்தது, யார் இழுத்தது என்று தெரியவில்லை. ஜாக்கெட் கிழிந்தது. அண்ணன் கொஞ்சம் தள்ளிச் சும்மா நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பியை அவர் மேல் வீசினேன். கணுக்காலில் பட்டு அவர் மடங்கி உட்கார்ந்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, என் கையிலிருந்த ஆணியை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். அதே ஓட்டையில் வைத்து மறுபடி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் என் கிழிந்த புருவம் விண் விண் என்றது.

வெயில் காலம் முடிவதற்குள் மரம் செத்தது. காய்ந்த கிளை ஒன்று மேடைக் கூரையில் விழுந்ததும், மரத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் கோயில் கட்டலாம் என்று தெருவே கூடி முடிவு செய்தது. வெட்டுவதற்கு அதே ரம்பக்காரன் வந்தான். கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு மிஷினைக் கிளப்பினான். நான் எதிர் வாசலில் நின்றேன், தடுக்க என்ன இருக்கிறது? ரம்பம் பட்டைக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். உள்ளே புதைந்திருந்த ஆணியில் பட்டு செயின் அறுந்து, சாட்டை மாதிரி சுழன்று அவன் முன்கையைக் கிழித்தது. சதை பிளந்து ரத்தம் மேடையில் பீய்ச்சியது. ஜனம் "அம்மா கோபம்" என்று பின்வாங்கியது. நான் ஓடிப்போய் கழுத்தில் கிடந்த விசில் கயிற்றால் அவன் கையை இறுக்கிக் கட்டினேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "என்னால முடியாது டீச்சர், தம்பிய வரச் சொல்றேன். அதுக்குள்ள ஆணிய நீங்க புடுங்கிக் குடுங்க. அது உங்களுக்குத்தான் தெரியும்."

கம்பியை எடுத்துவந்தேன். மேலே இருப்பது எட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் ஏணியோடு நின்றார். மரத்தில் சாத்தினார், ஏறினார். நான் கீழே, அவர் மேலே. நெம்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவர் அந்தச் சாக்குக் கட்டையை அடியில் வைத்தார்.

"செத்த மரத்துக்கு எதுக்குண்ணே கட்டை?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த ஆணிக்கும் கட்டையை வைத்தார். "தோ ஆயிடுச்சி" என்று முனகியது எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடி வாங்கிய அன்றுகூட நான் அழவில்லை.

இடுப்புயரத்தில், அவர் மறுபடி அடித்த அந்த ஆணி ஒன்று பாக்கி இருந்தது. குனிந்தேன். அக்கா விந்தி விந்தி வந்து பக்கத்தில் நின்றாள். கையில் சொம்பு இல்லை.

"அத மட்டும் வுட்டுடு டீச்சரு" என்றாள். "உன் கால்ல வேணா விழறேன்."

என் புருவத் தழும்பை அவள் பார்த்தாள், அவள் குதிகாலை நான் பார்த்தேன். ரம்பக்காரனின் தம்பியைக் கூப்பிட்டு, "இதுக்கு மேல வெட்டுப்பா" என்றேன். மரம் விழுந்தபோது தெரு முழுவதும் சட்டென்று வெளுத்துவிட்டது.

கோயில் வேலை இன்னும் தொடங்கவில்லை. துணிக்கடை மட்டும் திறந்துவிட்டார்கள். முகப்பு பஸ் ஸ்டாண்டு போகிறவர்களுக்கும் தெரிகிறது. அடிமரத்தில் அந்த ஆணி இருக்கிறது. அந்த அடிமரத்தில் சாய்ந்தபடி அக்காவின் மகள் பூக் கட்டுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், சதை பிடித்திருக்கிறாள். நேற்று ஒரு முழம் வாங்கினேன். பத்து மணிக்கே மல்லி பழுத்துவிட்டது.

"வெயில் இன்னாத்துக்கு டீச்சர் இங்க மட்டும் இப்படி அடிக்குது?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

அக்கா சட்டென்று சொம்பை எடுத்துப் பூவில் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். யாரையாவது ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல எனக்குக் கை துறுதுறுத்தது. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.