சம்மட்டி நீட்டிய கை

அண்ணன் ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என் முன்பல் இன்றைக்கும் இருந்திருக்கும். இந்த ஆத்திரம் எனக்கு நாற்பது வருடமாக உண்டு.

என் அண்ணன் லாரி மெக்கானிக். பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் சம்மட்டி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவான். எந்த ஸ்பேனர் என்று சொல்லமாட்டான், உதவிக்கு நிற்கிற நாமாகத் தெரிந்து கொடுக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் அதே ஸ்பேனர் நம் மேல் பறந்து வரும். எனக்கு மீசை அரும்பிய வயதில் ஒருநாள், நான் கொடுத்தது தப்பாகி போல்ட்டின் முனை மழுங்கிப்போனது. வெளியே வந்தான். "கட்டுடா இவனை" என்று பெயிண்டரிடம் சொன்னான். வண்டி இழுக்கிற கயிற்றால் என்னை லாரிச் சக்கரத்தோடு கட்டினார்கள். ஃபேன் பெல்ட்டால் விளாசினான். பல் போனது அப்போதுதான்.

அப்படிப்பட்டவனுக்கு வயதான காலத்தில் வார்த்தை நழுவ ஆரம்பித்தது. கிளட்சை "அந்த மிதிக்கிறது" என்றான். வேலை மறக்கவில்லை, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவான், பெயர் மட்டும் வராது. மூளையில் பேச்சு இருக்கிற பக்கம் சுருங்கிக்கொண்டே போகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்.

அதற்குள் வீட்டில் அடி தொடங்கியிருந்தது. அண்ணி சீப்பைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். வராது. சீப்பு சுவரில் மோதி உடையும். அப்புறம் தட்டு, அப்புறம் நாற்காலி, அப்புறம் அண்ணியின் கன்னம்.

"இன்னொரு தடவை என்மேல கை பட்டுச்சுன்னா ஏதாவது இல்லத்துல சேர்த்துடுங்க தம்பி. பூட்டி வெச்சாலும் சரி" என்றார் அண்ணி. அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு எல்லாம் புரியும். கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் சின்ன உருவம், பயமில்லாத குரல்.

"அய்யா, உங்க வீட்டுக்காரம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏய்."

"பேரு?"

அண்ணி சிரித்துவிட்டார். "கட்டின நாள்லேருந்து ஏய்தாம்மா. அது மட்டும் மறக்காது பாரு."

பெயர் வராவிட்டால் அதைச் சுற்றி வரவேண்டும் என்றாள் அந்தப் பெண். எங்கே இருக்கும், எதனால் செய்தது, எதற்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனால் பெயர் மாட்டும். மாட்டாவிட்டாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியும். "எல்லா வார்த்தையும் காப்பாத்த முடியாதுங்க. தினமும் வேணுங்கறத மட்டும் பிடிச்சு வெப்போம்."

அவள் காட்டிய படங்களை அண்ணன் கிழித்தான். அவர் புழங்குகிற சாமான் நாலு கொண்டு வாருங்கள் என்றாள். நானும் பட்டறைப் புத்தியில் ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல் என்று பையில் அள்ளிப்போனேன்.

சுத்தியலை எடுத்தான். பெயர் வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது.

"பேரு வேணாங்க. இத வெச்சு என்ன செய்வீங்க?"

பட்டறையில் இப்படிக் கேட்டால் எவனும் வாயால் சொல்லமாட்டான், செய்து காட்டுவான். ஓங்கி ஒரே போடு. மேஜைக் கண்ணாடி தூள். மேஜையைப் பிடித்திருந்த அண்ணியின் மணிக்கட்டும் போனது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுத்தியலைப் பிடுங்கப் போன என் தாடையில் ஒன்று விட்டான். அவனைத் தரையில் தள்ளி நெஞ்சில் முட்டியை வைத்து அழுத்தினேன். என் பல்லுக்கும் சேர்த்துத்தான் அழுத்தினேன்.

கீழே கிடந்தபடி அண்ணியைப் பார்த்து "ஏய்" என்றான். அந்தச் சொல்லை அத்தனை மெதுவாக அவன் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். "கேட்டது என் தப்பு. ஆனா இனிமே யாரும் இவருக்குப் பரீட்சை வெக்காதீங்க. பேரு வரலைன்னா கையத் தூக்கி 'வரல'ன்னு சொல்லட்டும். நீங்க பொறுத்திருங்க. அப்பவும் வரலைன்னா, இதுவா அதுவான்னு நீங்க கேளுங்க."

"மாவுக்கட்டு பிரிக்கிறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா இல்லம்தான்" என்றார் அண்ணி.

கொஞ்ச நாள் 'வரல' அவனை வீட்டில் நிறுத்தியது. பிறகு அந்த 'வரல'வும் வரவில்லை. கை மட்டும் உயரும்.

ஒரு மத்தியானம் வெறுங்காலோடு பட்டறைக்கு ஓடிவந்தான். கை முட்டியெல்லாம் ரத்தம், சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அண்ணிய அடிச்சியாண்ணே?"

இல்லை என்று தலையாட்டினான். மூச்சு வாங்கியது. மூலைக்குப் போய், வண்டி இழுக்கிற கயிற்றை உருவி வந்து என் காலடியில் போட்டான். இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினான்.

நான் குனியவில்லை. அந்தப் பெண் சொன்னபடி பொறுத்திருந்தேன். அவன் வாய் கோணியது, எச்சில் வழிந்தது. இந்தத் தடவை அவன் என்னை ஊகிக்க விடவில்லை. எந்தப் பயிற்சியிலும் இல்லாத சொல்லை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தான்.

"கட்டுடா."