செல்லாத நாலணா

என் தாய்மாமாவுக்கு அந்த வயதில் சைக்கிள் பைத்தியம். மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தன்னிடம் இல்லாத சைக்கிளைப் பற்றியே பேசுவார். அதன் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து அழைத்துப் போவதாக வாக்கும் கொடுத்திருந்தார். அதனால் அந்தச் சைக்கிளில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் தின்பதற்கு ஏதாவது அகப்படுமா என்று அடுக்களையைத் துழாவியவர், கடுகு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு வெள்ளி நாலணாவை எடுத்தார். ராஜாவின் கிரீடத்துக்கு மேலே ஒரு சிறு மேடு. அந்த இடத்தில் எழுத்தைக் காணோம். விளிம்பின் கோடுகளும் அங்கே மட்டும் மழுங்கியிருந்தன.

“அக்கா, இது காசு அடிக்கிற எடத்துலயே பிசகிப்போன காசு. இதுக்குன்னு அலையுறவங்க இருக்காங்க. எம்புட்டுக் கேட்டாலும் குடுப்பாங்க!”

“அது செல்லாத காசுடா. இருந்த எடத்துல வையி” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அந்தக் காசு முன்பே தெரியும். சந்தையில் யாரோ அம்மாவின் தலையில் கட்டியது, எந்தக் கடையிலும் வாங்கவில்லை என்றார். “செல்லாத காசுக்கு வெல கெடச்சா வேண்டாம்னா சொல்லுவாக? எடுத்துட்டுப் போ மாப்ள.” அம்மா என்னைத் தனியே அழைத்து, காசைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். விற்கப்போகிற காசுக்கு இத்தனை பத்திரம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மதுரையில் மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் பழைய காசு சேர்ப்பவர். கரிப்புகை கக்கும் பஸ்ஸில் இடிபட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா மனதுக்குள் சைக்கிளுக்கு மணி மாட்டிக்கொண்டிருந்திருப்பார்.

“பொறந்தப்ப நல்லாத்தான் பொறந்திருக்கு, தம்பி” என்றார் வக்கீல். “இந்த மேடு காசோட வெள்ளி இல்ல, பத்தவச்சது. மேல வளையம் வச்சு யாரோ புள்ளைக்குக் கட்டியிருக்காங்க. அப்புறம் பேத்து எடுத்து, கல்லுல ஒரசியிருக்காங்க. கீறல் பூரா ஒரே பக்கமா ஓடுது பாருங்க. எனக்கு வேண்டாம்.”

திரும்பும் வழியில் சைக்கிள் எதிர்ப்பட்டபோதெல்லாம் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன சைக்கிளை நினைத்து எனக்கும் அழுகையாக வந்தது. வாசலிலேயே நின்றிருந்த அம்மாவிடம் காசை நீட்டி, வக்கீல் சொன்னதை ஒப்பித்தேன். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தக் கையோடு, பொங்கலுக்கு மட்டும் இறக்கும் குழிச்சட்டியை எடுத்து வெல்லப் பணியாரம் சுட உட்கார்ந்தாள்.

பல வருஷம் கழித்து என் மகனுக்கு அரைஞாண் கட்டினோம். அதில் கோக்க, ஆசாரி ஒரு வெள்ளிக்காசில் வளையம் பற்றவைத்துக் கொடுத்தார். வளையத்தின் அடியில் அதே மாதிரி ஒரு சிறு மேடு. அம்மாவிடம் காட்டினேன்.

“அந்த நாலணா ஒங்கண்ணனோடதுடி” என்றாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, நடக்கப் பழகும் வயதில் போய்விட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவன் சாமான் ஒன்றுகூட வீட்டில் கிடக்கக் கூடாது என்று அப்பா எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னாராம்.

“வளையத்தோட இருந்தா அவுகளுக்குத் தெரிஞ்சிரும்ல. அதான் பேத்துப்புட்டு, துவைகல்லுல ஒரசி, சந்தையில வந்துச்சுன்னு சொன்னேன். வடு விழுந்த காச எந்தக் கடையிலயும் வாங்கல. வீட்டுலயே தங்கிருச்சு.”

காசு விலைபோகாமல் திரும்பி வந்த அன்று, மாமாவையும் என்னையும் தேற்றத்தான் அம்மா பணியாரம் சுடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டு, கூட இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.