பெரியம்மா பூட்டிய அறை

என் மருமகள் அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் அடுப்படியில் நின்றே சத்தமாகப் படிப்பாள். போன வாரம் ஒரு கேள்வி: சுதந்திரம் என்றால் என்ன என்று முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தி இருந்த மூன்று வெள்ளைக்காரர்கள் சொன்னதை ஒப்பிட வேண்டுமாம்.

ஒருவர் சொல்கிறாராம், வெளியிலிருந்து தடை இல்லாவிட்டால் அதுவே சுதந்திரம், மடை திறந்த தண்ணீர் மாதிரி. இரண்டாமவருக்கு அது போதாது. போகவும் முடியணும், போகாமல் இருக்கவும் முடியணும், எது என்பது நம் மனசுப்படி நடக்கணும். வெளியே பூட்டியிருப்பது தெரியாமல் அறைக்குள் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பவன் விரும்பித்தான் இருக்கிறான், ஆனால் சுதந்திரமாக இல்லை என்று உதாரணமும் காட்டுகிறார். மூன்றாமவர் கண்ணாடி தேய்த்துப் பிழைத்தவராம். யாரோ எறிந்த கல்லுக்குப் புத்தி இருந்தால் தானே பறப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும், மனுஷனும் அப்படித்தான், எது நம்மைத் தள்ளுகிறது என்று புரிந்துகொள்வதே விடுதலை என்கிறார்.

"நீங்க யாரு கட்சி, அத்தை?" என்று கேட்டாள்.

அஞ்சாங்கிளாஸ் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? "குழம்பு கொதிக்குது பாரு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் பூட்டிய அறை என்றதுமே எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஸ்ரீரங்கத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். நான் அஞ்சாவது முடித்ததும் டீச்சர் வீட்டுக்கே வந்தார். "திங்கக்கிழமை கடைசி நாளுங்க. டவுன்ல பெரிய ஸ்கூல்ல நானே சேர்த்துவிடறேன். ஒம்போது மணி வரைக்கும் பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன், அனுப்பிவைங்க" என்றார். "பாக்கலாங்க டீச்சர்" என்றார் பெரியப்பா. அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலையில் நான் ஓடிவிடுவேனோ என்று அவருக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளை நான்! "பின்கட்டு அரிசி ரூம்ல போட்டுப் பூட்டு" என்று பெரியம்மாவிடம் பூட்டைக் கொடுத்தார். பெரியம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சங்கிலி கலகலவென்றது, பூட்டு கிளிக்கென்றது. பிறகு வாசல்வரை கேட்கும்படி ஒரு கத்தல்.

"கதவுல கை வச்சே, தொலைச்சுடுவேன்! பழைய கதவு, தொட்டாலே தொறந்துக்கும்! டீச்சரம்மா ஒம்போது மணி வரைக்கும்தான் நிப்பாங்க, அதுவரைக்கும் மூச்சு விடாம கெட!"

பெரியப்பா சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு கடைக்குப் போனார். பெரியம்மா என் அம்மாவையும் மற்ற பிள்ளைகளையும் கிளப்பி காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போனாள். வீட்டில் நான் ஒருத்திதான்.

குதிர் மேல் என் நல்ல பாவாடை சட்டையும், அதன்மேல் டி.சி.யும் இருந்தன. என்னோடு சேர்த்து அதையும் அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எலி கடித்துவிடப் போகிறதே என்று காகிதத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டபோதெல்லாம் அழுதேன். கதவைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாளே.

குளித்துத் திரும்பிய பெரியம்மா கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள். திறந்துகொண்டது. சங்கிலியை அவள் நிலையில் மாட்டவே இல்லை. பூட்டைச் சங்கிலியிலேயே பூட்டித் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் பார்த்தால் கொல்லைக் கதவும் விரியத் திறந்து கிடந்தது. என்னைக் கண்டதும் ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி, இங்கேயேவாடி இருக்கே?"

"நீங்கதானே தொடாதேன்னீங்க, பெரியம்மா."

தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த பெரியப்பா, தொங்கிய பூட்டைப் பார்த்தார். கை ஓங்கத் தயங்காதவர் அவர். "கண்ணு சரியாத் தெரியலைங்க, மாட்டினதாத்தான் நெனச்சேன்" என்று பெரியம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. கோபம் இறங்கிவிட்டது. "தொறந்தே கெடந்தும் அசையலை பாரு. இதுல்ல நம்ம வீட்டுப் பொண்ணு!" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதோடு என் படிப்பும் முடிந்தது.

முதலாமவர் கணக்கில் நான் அன்றைக்கு முழுச் சுதந்திரம், தடையே இல்லையே. இரண்டாமவர் சொன்ன ஆளுக்கு நான் நேர் எதிர்; அவனுக்குப் பூட்டியது தெரியாது, எனக்குத் திறந்தது தெரியாது. மூன்றாமவர்தான் என்னை நேரில் பார்த்த மாதிரி பேசுகிறார். நான் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். என்னை எறிந்த கை எப்போதோ எறிந்துவிட்டிருந்தது.

போகாததைப் பற்றி இப்போது அவ்வளவு வருத்தம் இல்லை. நன்றிதான் இருக்கிறது. அடி விழும் என்று தெரிந்தே ஒருத்தி எனக்காகப் பொய்ப் பூட்டுப் போட்டாள். அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடக்கூடிய பிள்ளை என்று என்னை நினைத்த ஒரே மனுஷி அவள்தான் என்பது, கன்னத்தில் தட்டு வாங்கிய பெருமையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.